வேடியப்பன் வைக்காத கைநாட்டு

வேடியப்பன் மாமா வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். கைக்கு ஒன்றாக இரண்டு டயர் துண்டு, இடுப்புக்குக் கீழே பெரிதாக ஒன்று. பழைய லாரி டயரை அறுத்து வார் கோத்துக் கட்டியவை. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி முன்னால் வைப்பார். தட், சர்ர். தட், சர்ர். மழைக்காலத்தில் சத்தம் மாறிப்போகும். சேறு அவரைச் சப்பித் துப்புவதுபோல் இருக்கும்.

எங்கள் ஊர் புதூர்நாட்டிலிருந்து ஒரு மணி நேர நடை. மொத்தம் பதினெட்டு வீடு. கல்லும் மேடுமான அந்த ஊரில் அவர் ஊர்ந்து போகாத வாசல் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று அவருக்கு முறைச்சோறு. பதினெட்டு நாள் கழித்து மறுபடி முதல் வீடு. சும்மா யாரும் போடவில்லை. போன வீட்டில் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொடுப்பார். ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் உரித்து வைத்துவிட்டுத்தான் களி தின்பார்.

அவர் இடுப்பை உடைத்ததும் புளியமரம்தான். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு வெகு காலம் முந்தி நடந்தது அது. காட்டுப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த கீழ்நாட்டு வியாபாரிக்காக உச்சிக்கிளையில் நின்று உலுக்கிக்கொண்டிருந்தார். கிளையோடு வந்து பாறையில் விழுந்தார். வியாபாரியிடம் போய்க் கேட்டதற்கு, "நான் மரத்தத்தான் குத்தகைக்கு எடுத்தேன், ஆள எடுக்கல" என்றானாம். இதை எங்கள் ஊர் ஆண்கள் இன்றைக்கும் சாராயம் குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பார்கள்.

அவருடைய மனைவி பச்சையம்மா ஒன்றரை வருடம் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனோடு போய்விட்டாள். எங்கள் மலையில் அதை யாரும் பெரிய குற்றமாகப் பேசமாட்டார்கள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குப் பரியப் பணம் கொடுத்துக் கட்டியவன் எவனோ, அந்தப் பரியம் அவன் கைக்குத் திரும்பி வரும்வரை அவள் பெறும் பிள்ளை அவனுடைய பிள்ளை. அவள் எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும் சரி. பச்சையம்மாவைக் கொண்டுபோனவன் பரியத்தைத் திருப்பவே இல்லை. அங்கே அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்து வேடியப்பன் மாமாவின் உணர்ச்சியில்லாத மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். ராஜவேலு என்று பேர் வைத்தார்கள். இவருடைய குலத்தைச் சொல்லிப் பூசை போட்டார்கள். அன்றைக்கே பையனைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராஜவேலு அங்கேதான் தின்றான், அங்கேதான் ஏர் பிடித்தான். வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்து, எட்ட நின்று, "நைனா, வர்றேன்" என்று ஒரு கும்பிடு போடுவான். உட்காரமாட்டான். மாமாவின் குடிசையில் அடிக்கும் வாடை அவனுக்கு ஆகாது. மூக்கை முழங்கையால் துடைப்பதுபோல் மூடிக்கொள்வான். நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் மாமாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எழுபத்தெட்டில் கீழே ஒரு முகாம் வைத்து, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஆட்டுத்தடம்தான் உண்டு, பாதை கிடையாது. வண்டியை நான்கு பேர் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா கம்பில் கட்டிய கம்பளித் தூளியில் வந்தார். அந்த வண்டி ஊருக்குள் ஒரு முழம்கூட ஓடியது இல்லை. குடிசைக்குப் பக்கத்தில் நின்றது. இருக்கையில் கோழி முட்டை வைத்து அடைகாத்தது. "சர்க்கார் கோழிக்கு நாற்காலி குடுத்துக்கீது" என்பார் மாமா.

எண்பத்தொன்றில் அவருடைய விரல்கள் வீங்கத் தொடங்கின. கணு கணுவாக இஞ்சிபோல் ஆகிவிட்டன. புளி தட்டும் கட்டையைப் பிடிக்க முடியவில்லை. புளி நின்றதும் சோறும் மாறியது. முன்பு சூடாகப் போட்ட வீடுகளில் மதியம் தாண்டிப் போட்டார்கள். பிறகு நேற்றுக் களி. ஒரு நாள் எங்கள் வீட்டு முறை. என் மாமியார் சட்டியின் அடியில் தீய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டி, நாய் வாய்வைத்த மோரை ஊற்றி வைத்தாள். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மாமா அதை வழித்துத் தின்றார். விரல் மடங்காததால் உள்ளங்கையால் அள்ளினார், முழங்கை வழியாக வழிந்தது.

நான் கீழே தங்கிப் படிக்கும் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அம்மா செத்ததும் தம்பிகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊருக்கு வரும் காகிதத்தை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் பேசுவது குறைவு, எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லிவிடுவேன். அந்த வருடம் ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை. ஆதரவற்ற ஊனமுற்றோருக்கு உதவித்தொகை. மாமா இரண்டுக்கும் பொருந்துவார், ஆனால் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். எதுவானாலும் மாதாமாதம் மணியார்டரில் வந்துவிடும். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: வயது வந்த மகன் இருக்கக் கூடாது.

அந்தச் சின்ன வரியை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் மாமாவைத் தூளியில் கீழே இறக்கினார்கள். முதலில் போட்டோ. ஸ்டுடியோக்காரர் அவரை நாற்காலியில் வைத்துக் கட்டி, ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். எல்லாருக்கும் மாட்டுகிற கோட்டு. கழுத்துப்பட்டையில் எத்தனை பேருடைய எண்ணெயோ பளபளத்தது.

அடுத்தது டாக்டர் சர்டிபிகேட். அந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. படுக்கவைக்கிற மேசை அழுக்காகிவிடும் என்று தரையிலேயே போடச் சொன்னார்கள். டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்காமல், காலால் மாமாவின் வேட்டியை ஒதுக்கிப் பார்த்தார். கம்பவுண்டர் குண்டூசியை எடுத்துத் தொடையில் குத்தினான்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

இன்னும் ஆழமாகக் குத்தினான். "இப்ப?"

"எறும்பு கடிச்சா தெரியாதுங்க. தீ சுட்டாலும் தெரியாதுங்க."

"நடிக்கிறானா பாரு சார்" என்று கம்பவுண்டர் சிரித்தான். வராந்தாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஊரச் சொன்னார்கள். ஊர்ந்தார். வரிசையில் நின்ற பிள்ளைத்தாய்ச்சிகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். எச்சில் துப்பிய சுவர் ஓரமாகவே அவர் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்ததும், "முடியாதுதான் போல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதிக்கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன தேனைக் கம்பவுண்டர் மோந்து பார்த்து, மூடியில் வழிந்ததை நக்கிவிட்டு, மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மனுவை நான் எழுதினேன். பெயர், ஊர், என்ன ஊனம் என்றெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். "மகன்" என்ற இடம் வந்தது. மாமா கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை. ராஜவேலு மூக்கை மூடுவதுதான் என் கண்ணில் நின்றது. "இல்லை" என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒரு வெறி மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி வந்து சொன்னான். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கோழி இரண்டு அடிக்கச் சொன்னார். வருகிறவர் சாட்சியாகக் கவுண்டரைத்தான் கேட்பார். கவுண்டருக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. அவருடைய மகளை ராஜவேலுவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் கொடுப்பவர்கள் பையன் எந்தக் குலம் என்று கேட்பார்கள். ராஜவேலுவின் குலம் வேடியப்பன் மாமாவின் குலம். வேறு குலம் அவனுக்குக் கிடையாது. அவனை வளர்த்தவன் அவனுக்குக் களி கொடுத்தான், குலத்தைக் கொடுக்க முடியாது. பரியம் கொண்டுபோய் வைப்பதும் பேருக்குத் தகப்பனான மாமாவின் கைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். மலையேறி வந்த கோபத்தில் இருந்தார். கவுண்டர் வீட்டு வாசலில் பலாமரத்தடியில் கட்டில் போட்டார்கள். விசாரணைக்கு முன்னால் சாப்பாடு. சாமைச் சோறும் கோழிக் குழம்பும். மாமாவை அதிகாலையிலேயே குளிப்பாட்டிக் கொண்டுவந்து பத்தடி தள்ளி உட்காரவைத்திருந்தோம். அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"யோவ், யோவ், அங்கயே இரு. சாப்புட்றேன்ல?" என்று இன்ஸ்பெக்டர் இடது கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வலது கை எலும்பைப் பிடித்திருந்தது. சாறு உறிஞ்சும் சத்தம் நான் நின்ற கதவுவரை கேட்டது.

ராஜவேலுவும் வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் கொண்டுபோகவேண்டிய பலாப்பழத்தையும் புளியையும் கீழே சுமக்கக் கவுண்டர் அவனைக் கூப்பிட்டிருந்தார். வருங்கால மாமனார் கூப்பிட்டதால் உடனே ஓடிவந்தவன், மரத்துக்குப் பின்னால் பழத்துக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் எலும்பைத் தூக்கி எறிந்தார். அது மாமாவின் பக்கத்தில் விழுந்தது. நாய் வந்து மாமாவின் கைமேல் ஏறி அதை எடுத்துக்கொண்டு போனது. நான் செம்பில் கொண்டுபோன தண்ணீரில் இன்ஸ்பெக்டர் கை கழுவி, எண்ணெய் மிதக்கும் தண்ணீரை மாமா பக்கமே உதறினார்.

"பேரு?"

"வேடியப்பன்ங்க."

"வயசு?"

"தெரியலீங்க. பெரிய பஞ்சத்தப்போ மாடு மேய்ச்சிக்கினு இருந்தேன்."

"பஞ்சத்த எல்லாம் நான் எழுத முடியாது. அறுபத்தஞ்சு." காகிதத்தைப் புரட்டி, போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாய்யா இது? ஆதரவற்றவன்னு எழுதிக்கீது, கலெக்டர் மாதிரி கோட்டு மாட்டிக்கினு கீற?"

"ஸ்டுடியோக்காரரு மாட்டி உட்டாருங்க. கோட்டுக்குள்ள சட்டை இல்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

"மகன் இல்லன்னு போட்டுக்கீது. சரிதானே?"

மரத்துக்குப் பின்னால் கயிறு இழுக்கும் சத்தம் நின்றது. கவுண்டர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். மாமா தலையைத் திருப்பிக் கதவோரம் நின்ற என்னைத் தேடினார்.

"மங்கா, நீயா எழுதுன?"

நான் கதவுக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனேன்.

"இருக்கான்ங்க" என்றார் மாமா. "தோ நிக்கிறான். பேரு ராஜவேலு."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா என்னை மலையேற வச்ச?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். தலையாரி குனிந்து அவர் காதில் எதையோ சொன்னான். சொல்லும்போதே அவன் தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டரின் கோபம் போய், முகம் மலர்ந்தது.

"அடப்பாவி! இடுப்புக்குக் கீழ செத்தவனுக்கு எப்படிய்யா புள்ள? மணியார்டர்ல வந்துச்சா?"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது குத்துக்கு வந்து சோறு தின்றவர்கள், அதே வாயால் சிரித்தார்கள். ராஜவேலுவைப் பார்த்தேன். அவனும் சிரித்தான். தலையைக் குனிந்துகொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் அடுத்துச் சொன்னதும் நல்லதுதான். வயிறு நிறைந்தவன் பல் குத்திக்கொண்டே சொல்கிற நல்லது. "சரி, வுடு. பெத்தவன் எவனோ. எனக்கு மகன் கிடையாது, இவன் எம்மகன் இல்லன்னு ஒரு கைநாட்டு வை. கவுண்டரு சாட்சி போடட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து மணியார்டர் வூட்டுக்கே வந்துடும். சாவுற வரைக்கும் வரும்."

தலையாரி மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, வீங்கிய கட்டைவிரலில் மையைத் தடவினான். காகிதத்தைப் பலகைமேல் வைத்து நீட்டினான்.

"வேடி" என்றார் கவுண்டர். குரல் மெதுவாக இருந்தது. "நல்லா யோசிச்சு வை. நாலு பேரு கீறாங்க. வச்சுட்டா வச்சதுதான்."

அந்தக் கவுண்டர் வீட்டில் முந்தின முறைக்கு மாமாவுக்குப் போட்டது ஊசிப்போன கொள்ளு. அன்றைக்கு மாமா நான்கு தடவை வாந்தி எடுத்தார்.

மாமா மை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய், ராஜவேலு, நீ இன்னாடா சொல்ற?" என்றார்.

அவன் பலாப்பழத்தைப் பார்த்தபடி சொன்னான். "உன் இஷ்டம் நைனா. பொண்ணு வூட்டுக்காரரு இங்கதான் கீறாரு. நான் இன்னா சொல்றது?"

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு நான் போடுகிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். கவுண்டரும் சொல்லியிருக்கலாம். நானும் வெளியே வந்து, "மாமா, வை, எல்லாம் தூ என்று துப்பிவிட்டு வை" என்று சொல்லியிருக்கலாம். நாலு ஆண்கள் நடுவில் நான் பேசியதே இல்லை.

மாமா விரலைத் தன் தொடையில் தேய்த்துத் துடைத்தார். குண்டூசி குத்திய அதே தொடை. நீலமாக ஒரு தீற்றல் விழுந்தது.

"பரியம் குடுத்தவன் நான்" என்றார். "புள்ள எனுதுதான். அப்படியே எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். மடியில் வைத்து எழுதினார். எச்சில் இலையை எடுக்க நான் அவருக்கு எதிரே போனேன். காகிதம் எனக்குத் தலைகீழாக இருந்தது. தலைகீழாகவும் என்னால் படிக்க முடியும். "வயது வந்த மகன் உள்ளார். மகன் பராமரித்து வருகிறார். மனு தள்ளுபடி." பராமரிக்கிறானா என்று அவர் யாரையும் கேட்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கிளம்பினார். எண்ணெய் மிதக்கும் தண்ணீரை மாமா பக்கமே உதறினார். ராஜவேலு பலாப்பழத்தைத் தலையிலும் புளியைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் போனான். மாமாவைத் தாண்டும்போது, "வர்றேன் நைனா" என்றான். பொங்கல் இல்லாத நாளில் அவன் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான்.

சாயங்காலம் மாமா என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். "நல்லதுக்குத்தான் எழுதுன" என்றார். "ஆனா எழுதறதுக்கு முன்னால கேக்கணும் மங்கா. அவனுங்களும் கேக்கல, நீயும் கேக்கல." அந்த வார்த்தை எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

தையில் கல்யாணம். மேட்டுக்கு அந்தப் பக்கம், பையன் வீட்டில். தாரை தப்பட்டையோடு வந்து மாமாவைத் தூளியில் தூக்கிக்கொண்டு போனார்கள். புது வேட்டி, புதுத் துண்டு. அவரைப் பாயில் நடுவாக வைத்து, பின்னால் விழாமல் இருக்க இரண்டு தானிய மூட்டையைச் சாய்த்தார்கள். பரியத் தட்டை அவர் கையில் வைத்தார்கள். விரல் மடங்கவில்லை. கீழே ராஜவேலு கை கொடுத்துத் தாங்கினான். மாமா தன் குலத்தின் பேரை உரக்கச் சொன்னார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தார். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தாலி கட்டியானதும் பாயை உருவிவிட்டார்கள். பந்திக்கு இடம் வேண்டும். மாமாவை ஓரமாக, எச்சில் இலை போடும் பக்கம் நகர்த்தினார்கள். பச்சையம்மா ஒரு இலையில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனாள். தூளி தூக்கி வந்தவர்கள் சாராயப் பானையைச் சுற்றி விழுந்து கிடந்தார்கள். ஒருவன் தன் வாந்தியிலேயே கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். வெயில் சாயத் தொடங்கியபோது பார்த்தேன், மாமா இருந்த இடத்தில் அவர் இல்லை.

மேட்டுத் தடத்தில் சத்தம் கேட்டது. தட், சர்ர். புது வேட்டி மண்ணில் அரைபட்டுக் கிழிந்திருந்தது. நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் புறப்பட்டு, அவருக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். வெகுதூரம் அவர் திரும்பவில்லை.

"யாரு, மங்காவா?"

"ஆமா மாமா."

"பின்னாடி வராதே. முன்னாடி போ. பின்னாடி வந்தா தள்ளிக்கினு போற மாதிரி கீது."

முன்னால் வந்தேன். கை டயரின் வார் அறுந்து, உள்ளங்கை தோலுரிந்திருந்தது. நான் என் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தேன். பல்லால் கடித்து அவரே கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு யாரு வூட்டு முறை?" என்று கேட்டார்.

அன்றைக்குக் கவுண்டர் வீட்டு முறை. அந்த வீட்டில் எல்லாரும் கல்யாணத்தில் இருந்தார்கள். அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

"நம்ம வூடுதான் மாமா" என்றேன்.

அவர் ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தார். பதினெட்டு வீட்டு முறையும் அவருக்கு விரல்நுனியில் இருந்தது, அது எனக்கு மறந்துபோயிற்று.

"கவுண்டரு வூட்டு முறை. என் சம்பந்தி வூடு" என்றார். தொண்டைக்குள் சிரித்தார். "மறுபடியும் கேக்காமயே எழுதற நீ."

நான் கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி, போ. போய் அடுப்பப் பத்த வை. உன் மாமியார போடச் சொல்லாதே, நீ போடு. நான் வந்து சேர்றதுக்கு ரொம்ப நேரம் ஆவும். களி ஆறிடாம மூடி வை."

நான் வேகமாக நடந்தேன்.